பழைய சவரக் கத்தியை மீட்டெடுத்து, ஏற்ற பிடி போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய சவரக் கத்தி கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், அதைக் கல்லில் தேய்த்துக் கூர் பார்ப்பது. அங்கேயே வேலை கெடத் தொடங்குகிறது. துரு எடுக்கும்போதும் பிடி மாற்றும்போதும் ஆணி அடிக்கும்போதும் கத்தியின் வாய் எங்காவது இடித்துக்கொள்ளும். முதலில் ஏற்றிய கூர் வீணாகும். கூரான கத்தியைப் பிடித்து வேலை செய்யும் கையும் அறுபடும்.

சரியான வரிசை இது: சோதனை, கழுவுதல், பிரித்தல், துரு நீக்கல், கோணம் பார்த்தல், பிடி, ஆணி, கடைசியில் வாய். இந்த வரிசை முழுவதற்கும் அடிப்படை ஒன்றே. தேய்த்து எடுத்த எஃகு திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு படியிலும் தேவையான அளவுக்கு மேல் ஒரு முறைகூடத் தேய்க்கக் கூடாது.

1. பாகங்களின் பெயர்கள்

தடித்த மேற்பகுதி முதுகு. மழிக்கும் விளிம்பு வாய். வாயின் முன்முனை மூக்கு, பிடியை ஒட்டிய முனை குதி. அதற்குப் பின்னால் பிடிக்குள் போகும் கம்பி போன்ற பகுதி காம்பு; கத்தியைத் திறக்க விரல் வைக்கும் வளைவு வால்.

பிடிக்கு இரண்டு பலகை. ஒரு முனையில் கத்தி சுழலும் ஆணி. மறுமுனையில் இரண்டு பலகைக்கும் நடுவே ஆப்பு, அதற்கு ஓர் ஆணி. சிலவற்றில் நடுவிலும் ஓர் ஆணி இருக்கும்.

கத்தியின் அகலத்தை அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டுச் சொல்வது வழக்கம். 5/8 என்றால் முதுகிலிருந்து வாய் வரை ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். முதன்முதலில் கை வைப்பவர்கள் 5/8 அல்லது 6/8 கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்களின் முத்திரை உள்ள கத்திகள் பெரும்பாலும் நல்ல கார்பன் எஃகு. ஆனால் முத்திரையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்; 3ஆம் படியின் சோதனைதான் முக்கியம்.

2. மேசைக்கு வர வேண்டியவை

பெயின்ட் கடையில்: வாட்டர் பேப்பர் 220, 400, 600, 1000, 2000, ஒவ்வொன்றிலும் 2 தாள். எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும்; கீழே சொல்லும் கல்லுக்கும் இதே கணக்கு. மரத்துக்குப் போடும் உப்புத்தாள் இதற்கு ஆகாது. தண்ணீர் பட்டால் ஊறி உதிரும், உலர்ந்து தேய்த்தால் ஆழமான கீறல் விடும்.

ஹார்டுவேர் கடையில்: 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி அரை மீட்டர், அதே அளவு டிரில் பிட் 3, மெட்டல் பாலிஷ், தையல் மெஷின் எண்ணெய், மாஸ்கிங் டேப், கறுப்பு இன்சுலேஷன் டேப், அரால்டைட். வேலூர் லாங் பஜார் பக்கம் சுற்றினால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே நடையில் முடிந்துவிடும். பித்தளைக் கம்பி கிடைக்காவிட்டால் வெல்டிங் பொருள் விற்கும் கடையில் 1.6 பித்தளைப் பிரேசிங் ராடு கேளுங்கள்.

நகை வேலைக் கருவி விற்கும் இடத்தில்: சிறிய உருண்டைத் தலைச் சுத்தி, சின்னப் பட்டடை, கையால் சுழற்றும் டிரில், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெர்னியர் அளவுகோல். சுத்தி 100 கிராமைத் தாண்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் தச்சுச் சுத்தியால் ஆணி அடித்துப் பிடியை உடைத்தவர்கள்தான் அதிகம்.

கல்: 1000, 4000 அல்லது 5000, 8000, முடிந்தால் 12000. தண்ணீரில் பயன்படுத்தும் கற்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்துக்குச் சவரக் கத்தியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காரணம் 6ஆம் படியில்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு கார்பன் எஃகில் ஒரே இரவில் துருப் புள்ளி வைக்கும். தேய்க்க எந்தத் தண்ணீரும் ஆகும். கடைசியாக அலச மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் 1 லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. தொடும் முன் சோதனை

வாயின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டுங்கள். சோதிக்கும் இடத்தில் மட்டும் பிரித்து, முடிந்ததும் மறுபடி ஒட்டுங்கள். மழுங்கிய கத்திதானே என்று விரலை விடுகிறவர்கள் அறுபடுவது சகஜம்.

முதலில் விரிசல். மண்ணெண்ணெயை வாய்ப் பக்கம் தடவி 10 நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, தூளில் கோடாகத் தெரியும். வாயிலிருந்து முதுகை நோக்கி ஏறும் விரிசல், எவ்வளவு சின்னதானாலும், அந்தக் கத்தியை முடித்துவிட்டது என்று பொருள். கன்னத்தில் வைக்கும் நேரத்தில் உடைந்தால் என்னாகும் என்று யோசியுங்கள்.

அடுத்து துரு. சிவப்புத் துரு மேலோட்டமானது, தேய்த்தால் போய்விடும். கறுத்துக் குழி விழுந்த துருவில் இடம்தான் முக்கியம். முதுகிலோ நடுவிலோ குழி இருந்தால் தோற்றம்தான் குறையும், மழிப்பதற்குத் தடையில்லை. வாயை ஒட்டிய 2 மில்லிமீட்டருக்குள் கறுப்புக் குழி இருந்தால், கல்லில் தேய்க்கத் தேய்க்க அந்தக் குழி வாய்க்கு வந்து பல்லாக உடையும். புதியவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்கி ஏமாறுவது இங்கேதான்: விற்பவர் பாலிஷ் போட்டிருப்பார், குழி அடியில் இருக்கும். லென்ஸ் இல்லாமல் கத்தி வாங்கப் போகாதீர்கள்.

மூன்றாவது வாயின் வடிவம். மேசைமேல் நேரான ஸ்கேலை வைத்து வாயை அதன் மேல் பொருத்திப் பாருங்கள். நடுப்பகுதி சற்று வெளியே வளைந்திருந்தால் நல்லது. உள்ளே குழிந்திருந்தால் நடுவாய் கல்லைத் தொடாது. அதைச் சரிசெய்ய இரு முனைகளிலும் நிறைய எஃகை இழக்க வேண்டும். 1 மில்லிமீட்டருக்கு மேல் பல் உடைந்த கத்தியும் அப்படியே. முதல் கத்தியாக இந்த இரண்டையும் எடுக்க வேண்டாம்.

4. கழுவுதல்

யார் முகத்தில் எத்தனை முறை பட்ட கத்தி என்று தெரியாது. பழைய ரத்தம் காம்பின் இடுக்கில் இருக்கலாம். ரப்பர் கையுறை போட்டு, பாத்திர சோப்பும் பழைய டூத்பிரஷும் வைத்துத் தேய்த்து, துடைத்து, பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் 10 நிமிடம் ஈரமாக வைத்திருங்கள். கொம்புப் பிடியும் மரப்பிடியும் உள்ள கத்தியைக் கொதிக்க வைக்கக் கூடாது, பிடி கோணிவிடும். அரக்கு பாலிஷ் போட்ட பிடியில் ஸ்பிரிட் படக் கூடாது, கரைந்துவிடும்.

மீட்ட கத்தி ஒருவருக்கு மட்டும். முடிதிருத்தும் கடைகளில் பிளேடு மாற்றும் கத்தி வந்ததற்கான காரணம் இங்கேயும் பொருந்தும்: ரத்தத்தில் பரவும் நோய். அண்ணன் தம்பிக்குள்கூடப் பகிர வேண்டாம்.

5. பிடியைப் பிரிக்கலாமா

பிடி உறுதியாக இருந்து, கத்தி நடுவில் மூடி, சுழலும் ஆணியில் துரு இல்லையென்றால் பிரிக்காதீர்கள். பழைய ஆணியைப் பழைய மாதிரியே திரும்ப அடிப்பது எளிதல்ல. இடுக்கைச் சுத்தம் செய்ய, பல் இடுக்குக்குப் பயன்படுத்தும் நூலில் மெட்டல் பாலிஷ் தடவி, காம்பைச் சுற்றி இழுத்தாலே போதும்.

பிரிக்க வேண்டிய நிலை இவை: பலகையில் விரிசல், ஆணியைச் சுற்றிச் செந்துரு, கத்தி மூடும்போது பலகையில் உரசல், அல்லது பிடி செல்லுலாய்டாக இருந்து கெடத் தொடங்கியிருத்தல்.

செல்லுலாய்டைக் கண்டுபிடிக்க நம் ஊர் மூக்குக்குப் பயிற்சியே வேண்டாம். பெருவிரலால் பிடியை வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். அந்தப் பிளாஸ்டிக்கே கற்பூரம் சேர்த்துச் செய்ததுதான். பழசானால் அது அமில ஆவியை வெளிவிடும். பிடி மறைக்கும் பகுதியில் மட்டும் கத்தி துருப்பிடித்திருந்தால் குற்றவாளி அதுவே. சட்டெனத் தீப்பிடிக்கும் பொருளும்கூட. மெஷினில் தேய்க்காதீர்கள், ஊசியைச் சுட வைத்துச் சோதிக்காதீர்கள், மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

தந்தப் பிடி, ஆமையோட்டுப் பிடி என்று சொல்லி விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இவற்றின் வியாபாரம் குற்றம். எலும்பையும் தந்தம் என்று சொல்லி விற்பார்கள்: எலும்பில் லென்ஸ் வழியாக ஊசிக் குத்து போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும், தந்தத்தின் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும்.

பிரிக்கும் முறை: ஆணித் தலையின் குமிழை ஒரு பக்கம் மட்டும் சிறிய அரத்தால் தட்டையாக அராவுங்கள். மரக்கட்டையில் ஒரு துளை போட்டு, அதன் மேல் ஆணி நிற்கும்படி பிடியை வைத்து, 1.5 மில்லிமீட்டர் பஞ்ச் (ஆணியைத் தள்ளும் எஃகுக் குச்சி) வைத்து மெல்லத் தட்டினால் ஆணி கீழே இறங்கும். பலகைகளுக்கு இடையே திருப்புளி விட்டு நெம்பினால் கொம்பு நார்நாராகப் பிளக்கும். உடைந்த பலகையையும் தூக்கிப் போடாதீர்கள், அளவு எடுக்க அதுதான் மாதிரி.

ஆப்பு சாம்பல் நிறமாக, நகத்தால் கீறினால் பதிந்து, காகிதத்தில் பென்சில் போல் கோடு போட்டால் அது ஈயம். அதை உப்புத்தாளில் தேய்க்கக் கூடாது, தூள் நச்சு. அப்படியே ஒரு பையில் போட்டு ஒதுக்கிவிட்டுப் புது ஆப்பு செய்யுங்கள். கையைக் கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டாம்.

6. துரு நீக்கல்

குத்துவிளக்கைப் புளியில் தேய்த்துப் பழகிய கை, கத்திக்கும் புளியைத் தேடும். வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். பித்தளைக்கு நல்லது செய்யும் அதே அமிலம் கார்பன் எஃகைக் கறுக்க வைக்கும்; மிக மெல்லிய இடமான வாயைத்தான் முதலில் அரிக்கும்.

கத்தியை ஒரு மரப்பலகையின் ஓரத்தில் படுக்க வைத்து, வாய் பலகையை விட்டு வெளியே நீட்டாமல் டேப்பால் பிடியுங்கள். வாய்க்கு அடியில் மரம் இல்லாவிட்டால் அழுத்தும்போது மெல்லிய எஃகு வளைந்து பிளக்கும்.

வாட்டர் பேப்பரை விரலில் சுற்றித் தேய்த்தால் கத்தியின் குழிவில் படாமல் முதுகும் வாயும் மட்டும் தேயும். பழைய ஹவாய் செருப்பின் ரப்பரைப் பெருவிரல் அகலத்துக்கு வெட்டி, அதன் ஓரத்தைக் கத்தியின் குழிவுக்கு ஏற்ப உருட்டி, அதில் பேப்பரைச் சுற்றுங்கள். இதைவிடப் பொருத்தமான பின்பலம் விலைக்கு வாங்கினாலும் கிடைக்காது.

தேய்க்கும் திசை நீளவாக்கில், அல்லது முதுகிலிருந்து வாயை நோக்கி. வாயிலிருந்து முதுகை நோக்கி ஒருபோதும் வேண்டாம். பேப்பர் வாயில் மாட்டிக் கிழியும், விரல் அதன் பின்னே போகும்.

400இல் தொடங்குங்கள். துரு அசையவில்லை என்றால் மட்டும் 220. பிறகு 600, 1000, 2000. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டினால் 2000இல் கண்ணாடி போல் பளபளக்கும் பரப்பில் 220இன் கோடுகள் எழுந்து நிற்கும். திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு 2 மணி நேரம் ஆவது சாதாரணம்.

எல்லாக் குழியையும் ஒழிக்கப் பார்க்காதீர்கள். முதுகுப் பக்கக் குழியை மறைக்கத் தேய்த்தால் முதுகு மெலியும். முதுகு மெலிந்தால் கூரின் கோணம் மாறும். செந்துரு போய்க் கறுப்பு மட்டும் குழிக்குள் நின்றால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். கத்தியில் பொன்னெழுத்து இருந்தால் அந்தப் பகுதியில் சோப்புத் தண்ணீர் தவிர எதுவும் படக் கூடாது. பாலிஷ் ஒரே தேய்ப்பில் பொன்னைத் துடைத்துவிடும்.

மெஷின் பற்றி. சாணைச் சக்கரமோ டிரில்லில் மாட்டிய பஃப் சக்கரமோ வாயைத் தொட்டால் சில நொடியில் சூடு ஏறும். எஃகு வைக்கோல் நிறத்துக்கு மாறினால் 220 டிகிரியைத் தொட்டுவிட்டது, நீலமானால் ஏறக்குறைய 300. அந்த இடத்தில் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நிறத்தைப் பாலிஷ் போட்டு நீக்கலாம், பதம் திரும்பாது. கையாலேயே தேயுங்கள்.

முடிந்ததும் சோப்பு, பேட்டரித் தண்ணீர், உலர்ந்த துணி, தையல் மெஷின் எண்ணெய். இந்த நான்கும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணெய் போடலாம் என்றால் துரு முந்திக்கொள்ளும்.

7. பிடிக்கு முன் ஒரு கணக்கு

சவரக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுகின்றன. அதனால் முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும்தான் கூரின் கோணத்தை முடிவு செய்கின்றன. அகலத்தை முதுகுத் தடிமனால் வகுங்கள். விடை 3.5ஐ ஒட்டி வந்தால் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி, நல்ல இடம். உதாரணமாக 16 மில்லிமீட்டர் அகலம், 4.5 தடிமன்.

முதுகு தேய்ந்து 3.5 ஆகியிருந்தால் கோணம் 13க்கு இறங்கும். கூர் எளிதில் வரும், இரண்டு முறை மழித்ததும் வாய் உதிரும். அதற்கு மருந்து முதுகில் இன்சுலேஷன் டேப். ஒரு சுற்று கோணத்தை ஏறக்குறைய 1 டிகிரி கூட்டும். இரண்டு சுற்றுவரை போகலாம். எப்போது தீட்டினாலும் அதே எண்ணிக்கை டேப் வேண்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாயைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பதற்கு ஒரே விதிவிலக்கு இங்கே. பிடிக்கு உழைப்பைக் கொட்டும் முன், வாயோரம் முழுவதும் மார்க்கர் மை தடவி, 1000 கல்லில் பக்கத்துக்கு 10 முறை மட்டும் இழுங்கள். குதியிலிருந்து மூக்கு வரை மை ஒரே சீராக அழிந்தால் கத்தி தகுதியானது. நடுவில் மை நின்றால் கத்தி கோணியிருக்கிறது; பிடிக்கு நல்ல கொம்பை வீணாக்க வேண்டாம். பார்த்ததும் மறுபடி டேப் ஒட்டிவிடுங்கள்.

8. பிடி பொருத்தம்

அழகைப் பார்த்துப் பிடி தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. மழிக்கும்போது விரல்கள் காம்பில் இருக்கும். பிடி மேலே நீட்டிக்கொண்டு எதிர் எடையாக நிற்கும். ஆகவே முதலில் எடை, பிறகு அளவு, பிறகு பொருள், நிறம் கடைசி.

எடை. கத்தியைப் பிடியோடு நேர்கோடாகத் திறந்து, சுழலும் ஆணிக்கு நேர் கீழே ஒரு பென்சிலை வைத்துத் தூக்குங்கள். தராசு போல் ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். பிடிப் பக்கம் சாய்ந்தால் மழிக்கும்போது கத்தி மேலே எழும்பப் பார்க்கும், கை அதை அழுத்தும், தோல் எரியும். உள்குழிந்து மெலிந்த 5/8 கத்திக்கு 2.5 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய கொம்போ மரமோ போதும். ஆப்பு போல் கனத்த 7/8 கத்திக்கு 3 முதல் 3.5 வரை தாங்கும். மெல்லிய கத்திக்குப் பித்தளைப் பலகை போட்டு, கை வலிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பென்சில் சோதனையைச் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அளவு. கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, பிடியின் வடிவத்தை வரைந்து வெட்டுங்கள். சுழலும் இடத்தில் குண்டூசி குத்திக் கத்தியை மாட்டித் திறந்து மூடிப் பாருங்கள். மூடியபோது மூக்குக்கும் ஆப்புக்கும் இடையே 8 மில்லிமீட்டர் இடம், வாய் பலகையின் கீழ் ஓரத்துக்குள் குறைந்தது 3 மில்லிமீட்டர் உள்ளே, முதுகு வெளியே தெரிய வேண்டும். சாதாரண 5/8 கத்திக்குப் பலகை நீளம் 15 சென்டிமீட்டரை ஒட்டி வரும். வாய் கீழே எட்டிப் பார்த்தால் கையில் எடுக்கும்போது அறுக்கும். அட்டையில் திருத்துவது 1 நிமிடம், கொம்பில் திருத்த முடியாது.

பொருள். இந்தப் பக்கம் எளிதில் கிடைப்பதும் வேலைக்கு இணங்குவதும் எருமைக் கொம்பு. அடிப்பகுதி உள்ளே குடைந்து மெல்லிசாக இருக்கும். நுனியை நோக்கிய கெட்டிப் பகுதியில்தான் பலகை எடுக்க வேண்டும். ஒரே கொம்பின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஜோடியாக எடுங்கள். வெவ்வேறு கொம்பில் எடுத்தால் இரண்டும் வெவ்வேறு விதமாகச் சுருங்கி, சில மாதங்களில் கத்தி ஒரு பக்கம் உரசும். மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய வர்ணம் இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு விரிசல் பாருங்கள்; வர்ணத்துக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். மான் கொம்பு, உதிர்ந்ததாகவே இருந்தாலும், வேண்டாம். அதுவும் அதே வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது.

மரமானால் வைரம் பாய்ந்த கட்டை மட்டும். தச்சுப் பட்டறைகளில் ஈட்டி, கருங்காலி, புளிய மரத்து வைரம் ஆகியவற்றின் ஒதுக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். பலகை நீளத்துக்கு ரேகை நேராக ஓட வேண்டும். ஆணித் துளை அருகே ரேகை குறுக்கே போனால் சுத்தியின் முதல் தட்டிலேயே பிளக்கும். வேம்பும் தேக்கும் 2.5 மில்லிமீட்டருக்குச் சீவினால் வலு போதாது. ஜவ்வாது மலை அருகில் இருப்பதால் சந்தனமோ செம்மரமோ தருகிறேன் என்று யாராவது சொல்லலாம். உரிய ஆவணம் இல்லாத கட்டை கையில் இருந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஈரமும் ஒரு கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டிய பலகை, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது சுருங்கும். ஆணி தளரும், பலகை வளையும். பலகையைத் தோராயமாக வெட்டி, நிழலில், இரண்டு பக்கமும் காற்று படும்படி 3 வாரம் வைத்த பிறகு இறுதி வடிவம் கொடுங்கள். தை முதல் பங்குனி வரை இந்த வேலைக்கு நல்ல காலம்.

9. பலகையும் ஆப்பும்

இரண்டு பலகையையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ஒன்றாகவே வடிவம் அறுத்து, ஒன்றாகவே துளை போடுங்கள். தனித்தனியே போட்ட துளை அரை மில்லிமீட்டர் விலகினாலும் கத்தி சாய்ந்து மூடும். துளை பலகையின் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காம்பின் துளை 1.6ஐவிடப் பெரிதாக இருந்தால் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே நுழைத்து அளவைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கத்தி ஆடும், அதை நிறுத்த ஆணியை இறுக்கிப் பிடியை உடைப்பீர்கள்.

ஆப்பைக் கொம்பு, எலும்பு, பித்தளை எதிலும் செய்யலாம். கத்தியை நோக்கிய பக்கம் 3 மில்லிமீட்டர், கடைசி முனை 2 மில்லிமீட்டர் என்று சரிவாகத் தேயுங்கள். தடித்த பக்கம் கத்தியை நோக்கி இருந்தால்தான் பலகைகள் நடுவில் லேசாக வெளியே வளைந்து கத்திக்கு வழி விடும். திருப்பி வைத்தால் பலகைகள் உள்ளே அமுங்கிக் கத்தியை உரசும். கத்தி நடுவில் மூடவில்லை என்று வரும் புகார்களில் பாதி, தலைகீழாக வைத்த ஆப்பால்தான்.

மரப்பலகைக்கு அரால்டைட்டோ ஃபெவிக்விக்கோ மெல்லிய பூச்சாக 4 முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே 1000 பேப்பர். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ஃபெவிக்விக் ஆவி கண்ணை எரிக்கும். கொம்புக்குப் பூச்சு தேவையில்லை. 2000 வரை தேய்த்து மெட்டல் பாலிஷ் போட்டாலே போதும்.

10. ஆணி அடித்தல்

முதலில் வாட்ச் பழுதுபார்க்கும் இடத்தில் கிடைக்கும் 1.6 மில்லிமீட்டர் போல்ட், நட்டால் தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள். கத்தி நடுவில் மூடினால் மட்டும் நிரந்தர ஆணி. கோணலாக மூடினால் ஆப்பின் ஒரு பக்கத்தை இரண்டு இழுப்பு தேய்த்து மறுபடி பாருங்கள்.

ஆப்பு ஆணி முதலில், சுழலும் ஆணி பிறகு. கம்பியை நுழைத்து, இரு பக்கமும் சின்னப் பித்தளை வாஷர் போட்டு, வாஷருக்கு மேல் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை நீட்டும்படி வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக்குங்கள். நீளம் அதிகமானால் கம்பி உள்ளே வளையும். குறைந்தால் குமிழ் வராது.

பட்டடை மேல் வைத்து, சுத்தியின் உருண்டை முகத்தால், கம்பியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். நகத்தின் மேல் விழுந்தாலும் வலிக்காத தட்டு. 15 தட்டுக்கு ஒரு முறை திருப்பிப் போடுங்கள். பக்கத்துக்கு 40, 50 தட்டில் குமிழ் உருவாகும்.

நிறுத்த வேண்டிய இடம்: பிடியைக் குலுக்கினால் கத்தி தானாக விழக் கூடாது, வாலில் விரல் வைத்தால் தடையின்றித் திறக்க வேண்டும். தளர்வாக இருந்தால் இன்னும் 5 தட்டு. இறுகிவிட்டால் திரும்ப வழியில்லை, ஆணியை வெட்டி எடுக்க வேண்டும். அதனால் தளர்வின் பக்கம் நின்று மெல்ல வாருங்கள்.

11. வாய்

கல் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் 400 வாட்டர் பேப்பரை ஈரமாக ஒட்டி, கல்லில் பென்சில் கட்டங்கள் போட்டு, எல்லாக் கோடும் அழியும் வரை தேயுங்கள். கடையில் வாங்கிய புதுக் கல்லுக்கும் இது தேவை.

1000 கல்லில்தான் முக்கால்வாசி வேலை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் பட, வாய் முன்னே செல்ல, குதியில் தொடங்கி மூக்கில் முடியும்படி குறுக்காக இழுங்கள். திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும். 30 முறை இழுத்து, முன்கை முடியில் பாருங்கள்: குதி, நடு, மூக்கு மூன்று இடத்திலும் முடி வெட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் வெட்டவில்லை என்றாலும் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். 8000 கல் கூராக்காது, கூராகியதை மென்மையாக்கும். 1000இல் முடியாததை 12000இல் தேடி மாதக்கணக்கில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு 4000இல் 30, 8000இல் 30, 12000இல் 40. ஒவ்வொரு கல்லிலும் அழுத்தம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் கத்தியின் சொந்த எடை மட்டும். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்து பிசிறு எழும்.

12. வார்

கல்லில் தீட்டிய வாயைக் கடைசியாகத் தேய்த்துச் சீராக்கும் தோல் பட்டைதான் வார். தோல் விஷயத்தில் வேலூரைச் சுற்றிய மாவட்டங்களுக்கு இருக்கும் வசதி வேறெங்கும் எளிதில் வாய்க்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல் துண்டு விற்பவர்களிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் ஷூ மேல்பாகத்துக்கான குரோம் தோல் மிருதுவாக இழுபடும், வாருக்கு ஆகாது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வேண்டும், வெஜ் டேன் என்று கேட்டால் தெரியும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், முழுவதும் பழுப்பாக இருந்தால் பட்டை.

அளவு: நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 7, தடிமன் 3 மில்லிமீட்டர். மாட்டுத் தோலோ எருமைத் தோலோ. ஆட்டுத் தோல் மெல்லிசு, அலை விழும். பின்பக்கத்துக்கு அதே அளவில் கித்தான்.

வாரை ஒரு கொக்கியில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். முதுகு முன்னே, வாய் பின்னே. கித்தானில் 20, தோலில் 50. தளர்ந்த வாரில் வாய் உருண்டு மழுங்கும். இங்கேயும் முதுகின் மேல்தான் புரட்டல். வாயின் மேல் புரட்டினால் ஒரே இழுப்பில் வாரும் வெட்டுப்படும், கூரும் போகும். தொடக்கத்தில் மெதுவாக. வேகம் தானாக வரும்.

முதல் மழிப்பைக் கன்னத்தில் மட்டும் செய்யுங்கள், முதுகுக்கும் தோலுக்கும் இடையே முதுகின் இரண்டு தடிமன் அளவு இடைவெளி விட்டு. கத்தி முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தால் 8000 கல்லுக்குத் திரும்புங்கள். எரிச்சல் மட்டும் இருந்தால் வாரில் இன்னும் 30.

13. வைத்திருத்தல்

மழித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய காகிதத்தால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் துடைத்து, திறந்தபடியே 1 மணி நேரம் உலர விடுங்கள். உடனே மூடினால் பலகைக்குள் ஈரம் நின்று, அடுத்த முறை வாயில் சிவப்புக் கோடு தெரியும். குளியலறையில் வைக்கக் கூடாது.

வாரக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்துப் புளிக்கும், நல்லெண்ணெய் பிசினாகும். இரண்டும் கத்திக்கு ஆகாது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெயைப் புதுப்பியுங்கள். சித்திரை, வைகாசியில் பிடி சுருங்கி ஆணி தளர்ந்தால், பட்டடையில் வைத்து இரண்டு மூன்று தட்டு போதும். மழை வந்ததும் பலகை மறுபடி விரியும் என்பதால் அதற்கு மேல் இறுக்காதீர்கள்.